புகுந்த வீடு எந்த நாட்டில்?

தமிழ்ப் பெண்ணுக்குப் பிறந்த வீடு, புகுந்த வீடு என இரண்டு வீடுகள் உண்டென்பர். ஆனால் பிறந்த மண்ணிலேயே வாழ்ந்துகொண்டு, தன் புகுந்த வீடு எந்த நாட்டில் உள்ளதென்று அறியாது திகைத்து நிற்கும் பெண்களும் இத் தமிழ்நாட்டில் உளர். அவர்கள் செய்த குற்றம் யாது? தம்மைப் போலவே தமிழ் பேசும் ஓர் ஆடவனை மணந்தார்கள். அவ்வாடவன் ஈழத்து ஏதிலி. அவ்வளவே!

கலவையிலிருந்து புறப்பட்டு ஆர்க்காடு, இராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர் என்று சென்று பாருங்கள். வழி நெடுகத் தோல் பதனிடும் தொழிலகங்கள், காலணித் தொழிலகங்கள். காலணி தைப்போருள் பெரும்பாலார் நம் சிற்றூர்ப் பெண்களே. வேலூரை அடுத்த மேல்மொணவூரில் ஈழத்து ஏதிலியரின் குடியிருப்பு உள்ளது. அங்குள்ள ஆடவர் சுவர்களுக்கு வண்ணம் பூசியும் நாட்கூலிக்கு உழைத்தும் பிழைக்கின்றனர். 1983 சூலைக் கொலைவெறிக்குப் பின் அவர்கள் அலையலையாய் இங்கு வந்து நாற்பதாண்டுகள் கடந்துவிட்டன. ஒரே மொழி, ஒரே உணவு, ஒரே பண்பாடு. இவ்விரு திறத்தாரிடையே மணம் நிகழாதிருப்பின் அன்றோ வியப்பு!

மணமான பின்னர்தான் சட்டம் வீட்டுக்குள் நுழைகின்றது.

1955-ஆம் ஆண்டின் இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி, இந்நாட்டுக் குடிமகளை மணந்த அயல்நாட்டான் ஏழாண்டுகள் இங்கு வாழ்ந்தால், பதிவின் வழியே குடியுரிமை கேட்கலாம். கேட்க நன்றாகத்தான் உள்ளது! ஆனால் கடவுச்சீட்டின்றி வந்தவன் 'சட்டப்புறம்பான குடியேறி'. அவனுக்கு இவ்வழி இல்லை. குண்டு வீச்சுக்குத் தப்பித் தோணியேறியவன் கடவுச்சீட்டு எடுத்துக்கொண்டா வருவான்? எரிகின்ற வீட்டிலிருந்து ஓடி வந்தவனிடம், வாயிற்கதவைத் தாழிட்டதற்குச் சான்று கேட்பது போன்றதன்றோ இது!

கொடுமை அதனோடு நிற்கவில்லை. 1987 சூலை முதல் 2004 திசம்பர் 3-க்கு முன்வரை இந்நாட்டில் பிறந்த குழந்தைக்குத் தாய் தந்தையருள் ஒருவர் இந்தியக் குடியினராக இருந்தாலே போதும். அது இந்தியக் குடி. 2004 திசம்பர் 3 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தமோ, மற்றவர் சட்டப்புறம்பான குடியேறியாக இருத்தலாகாது என்று கூறிவிட்டது. கலவைப் பெண்ணொருத்தி ஈழத்து ஏதிலி ஒருவனை மணந்தாள் எனக் கொள்வோம். 2003-இல் பிறந்த அவள் மகன் இந்தியக் குடிமகன். 2006-இல் பிறந்த அவள் மகள் குடியுரிமையற்றவள். ஒரே வயிறு, ஒரே மருத்துவமனை, ஒரே தாய்ப்பால்! அண்ணனுக்கு நாடுண்டு, தங்கைக்கு நாடில்லை! இதற்குச் சட்டமென்று பெயர்!

'அப்படியாயின் கணவனின் நாட்டிற்கே போய்விடலாமே' என்பர் சிலர். போகலாம். ஆனால் கலவையில் பிறந்தவள் அங்கே அயல்நாட்டாள். அவளுக்குக் கடவுச்சீட்டு வேண்டும், நுழைவிசைவு வேண்டும். இங்குப் பிறந்த பிள்ளைகளின் பிறப்பை இலங்கைத் தூதரகத்தில் பதிந்து குடியுரிமைச் சான்று பெறல் வேண்டும். இத்தனையும் பெற்றுப் போனால், அங்கே காத்திருப்பது என்ன? போர் முடிந்த 2009-க்குப் பின்னும் படையினர் நிறைந்து கிடக்கும் வடக்கும் கிழக்கும். படையினரிடமிருந்து இன்னும் முற்றாக மீளாத மக்களின் நிலங்கள். இங்கிருந்தால் கணவன் அயலான். அங்குச் சென்றால் மனைவி அயலாள்! இருவரும் தமிழர், இரண்டும் தமிழ் மண், ஆயினும் இருவரும் ஒருங்கே உரிமையுடன் வாழ ஓரடி நிலமில்லை!

தமிழர் குடும்பத்தை எண்ணிக்கைக் கணக்காகப் பார்ப்பது தில்லிக்குப் புதிதன்று. 1964 அக்தோபரில் சாத்திரியும் சிரிமாவோவும் கையெழுத்திட்டு, மலையகத் தமிழருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று கூறு போட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இந்திராவும் சிரிமாவோவும் ஆளுக்குப் பாதியாய்ப் பங்கிட்டனர். அம்மக்களை ஒரு சொல் கேட்டார்களா? உடன்பிறந்தோரும் உற்றாரும் கடலின் இரு கரைகளிலுமாகப் பிரிந்தனர். அன்று பங்கிட்ட அதே உள்ளந்தான் இன்றும் சட்டமாய் நிற்கின்றது.

இந்தியாவுக்கு அயலாரை ஏற்கும் மனமே இல்லையோ எனின், அதுவும் இல்லை. 1950-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி நேபாளத்தார் நுழைவிசைவின்றி வந்து தங்கலாம், தொழில் செய்யலாம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பாகித்தானம், வங்காளநாடு, ஆப்கானித்தானம் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 முடிவதற்குள் வந்த ஆறு சமயத்தார்க்குக் குடியுரிமை வழி திறந்தது. அங்கிருந்து வந்த இந்துவுக்கு உண்டு. ஈழத்திலிருந்து வந்த இந்துவுக்கு இல்லை. அங்கிருந்து வந்த கிறித்தவர்க்கு உண்டு. ஈழத்துக் கிறித்தவர்க்கு இல்லை. சமயம் ஒன்றாயிருந்தும் ஈழத்தவர்க்கு இல்லையெனின், தடையாய் நிற்பது எது? தமிழன் என்னும் பெயரன்றி வேறென்ன?

2025 மே திங்களில், ஒறுப்புக் காலம் முடித்த ஈழத் தமிழர் ஒருவர், தம் மனைவியும் பிள்ளையும் இங்கிருப்பதால் தம்மை வெளியேற்றலாகாதென உச்ச அறமன்றத்தில் முறையிட்டார். இந்தியா எல்லாரையும் ஏற்கும் அறச்சாலையன்று என்னும் பொருள்பட நடுவர் கூறி மறுத்தார். அவ்வாண்டுச் செபுதம்பரில், 2015 சனவரி 9-க்குள் வந்து பதிந்த ஈழத் தமிழர்க்குக் கடவுச்சீட்டின்மை பற்றிய ஒறுப்பினின்று நடுவணரசு விலக்களித்தது. நன்று. ஆனால் ஒறுக்கமாட்டோம் என்பது வேறு. நீ எம் குடி என்பது வேறு.

தமிழ்நாட்டரசு 2021-இல் 'ஏதிலியர் முகாம்' என்னும் பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. 7,469 வீடுகள் கட்டித்தரத் திட்டமிட்டு, மேல்மொணவூரில் கால்கோள் செய்தது. பாராட்டுகின்றோம். எனினும் வீடு நாடாகிவிடாது.

நம்மவருள்ளும் ஒரு சாரார், 'இந்தியக் குடியுரிமை தந்தால் ஈழத்தில் தமிழர் தொகை குறையும். தாயக உரிமை தளரும்' என்பர். அக்கவலை பொய்யன்று. ஆனால் தாயகத்தைக் காக்கும் பொறுப்பை, நாடற்ற ஒரு சிறுமியின் தலைமேல் ஏற்றுவது எவ்வகை அறம்? போக விரும்புவோர் உரிமையுடன் போகட்டும். இருக்க விரும்புவோர் உரிமையுடன் இருக்கட்டும். முடிவு அக் கணவன் மனைவியருடையது. தில்லியுடையதுமன்று, கொழும்புடையதுமன்று, நம்முடையதுமன்று!

எனவே தமிழர்காள், மூன்றினை உரத்துக் கேளுங்கள். ஒன்று: ஈழத்து ஏதிலியரைச் 'சட்டப்புறம்பான குடியேறி' என்னும் இழிபெயரினின்று சட்டப்படி நீக்குக! இரண்டு: தமிழ்நாட்டுத் தாய்க்கோ தந்தைக்கோ இங்குப் பிறந்த பிள்ளை எவ்வாண்டில் பிறந்திருப்பினும் குடியுரிமை தருக! மூன்று: துணையின் தாயகத்திற்குச் செல்ல விரும்புவோர் தங்கவும் உழைக்கவும் திரும்பி வரவும் இரு அரசுகளும் வழி செய்க!

ஆம்பூரில் தைத்த காலணி தங்கு தடையின்றிக் கடல் கடந்து செல்கின்றது. அதைத் தைத்த கையைப் பிடித்தவனுக்கு நிற்க இடமில்லை என்பதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருப்போமாயின், நாம் தமிழர் என்று சொல்லிக்கொள்வதில் பொருளில்லை!