மனோவியாதி ஆஸ்பத்திரிப் பணிவிடையாளர்

உத்தியோகத்திற்குச் சிபார்சுக் கடிதம் வேண்டி நம்மிடம் வரும் வாலிபர்கள் பலர். ரெயில்வே, பாங்கி, போலீஸ், தாலூகா கச்சேரி என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்லுகிறார்கள். ஆஸ்பத்திரியில் ஏதேனும் ஒரு வேலை கிடைத்தாலும் போதும் என்பவர்களும் உண்டு. ஆனால், மனோவியாதியஸ்தர்களுக்குப் பணிவிடை செய்யும் வேலையில் அமர விரும்புகிறேன் என்று ஒருவனேனும் இதுகாறும் நம்மிடம் வந்து சொன்னதில்லை. சொன்னாலும் அவனைப் பெற்றவர்கள் விடமாட்டார்கள். சென்னைவாசிகளின் பேச்சில் கீழ்ப்பாக்கம் என்ற பேட்டையின் பெயரே ஒரு வசைச்சொல்லாக வழங்குகிறது. நோயாளியைக் குறித்த ஏளனம் அவனுக்குச் சோறூட்டுகிறவனையும் தொற்றிக்கொண்டுவிட்டது.

இந்த ஊழியம் எத்தகையதென்பதை நம்மில் பெரும்பாலோர் அறியார். மனோவைத்தியர் ஒரு நோயாளியோடு கழிப்பது சில நிமிஷங்கள். எஞ்சிய இரவும் பகலும் அந்நோயாளியோடு இருப்பவர் பணிவிடையாளரே. குளிக்க மறுப்பவனைக் குளிப்பாட்டுவதும், உண்ண மறுப்பவனை உண்ணச் செய்வதும், மாத்திரையை விழுங்கினானா, நாவின் கீழே ஒளித்துக்கொண்டானா என்று பார்ப்பதும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமுடையவனை இமை கொட்டாமல் காப்பதும் அவர் வேலை. வசவையும் சில சமயங்களில் அடியையும் வாங்கிக்கொண்டு, திருப்பிக் கை ஓங்காமலிருப்பதும் அவர் வேலையே. இதை வெறும் உடல்வலியால் செய்துவிடலாம் என்று நினைப்பது பெரும் பிழையாகும்.

ஓர் உதாரணம் கூறுவோம். சித்தப்பிரமையின் வேகத்தைத் தணிக்க இடப்படும் சில ஊசி மருந்துகளால், சிலருக்குத் திடீரென்று கழுத்து ஒரு புறம் திருகிக்கொள்ளும், தாடை இறுகும், விழிகள் மேல்நோக்கிச் செருகிக்கொள்ளும். விஷயமறிந்த பணிவிடையாளர் உடனே தாதியை அழைப்பார். மாற்று ஊசி போட்டால் சற்று நேரத்தில் அது தெளிந்துவிடும். விஷயமறியாதவரோ நோயாளி பாசாங்கு செய்கிறான் என்று அதட்டுவார். அல்லது பேய் பிடித்ததென்று விலகி நிற்பார். இரண்டு பேருக்கும் சம்பளம் ஒன்றே. அறிந்தவர் எங்கே கற்றார் என்று விசாரித்தால், பெரும்பாலும் தமக்கு முன் அந்த வார்டில் இருந்த வேறொரு பணிவிடையாளரிடம் கற்றதாகத்தான் இருக்கும்.

நம் முன்னோர் இவ்விஷயத்தில் நம்மிலும் தெளிவுடையவராயிருந்தனர். நோயுற்றவன், வைத்தியன், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிலிருந்து அம்மருந்தைத் தவறாமல் கொடுப்பவனையும் நான்காவதாகச் சேர்த்தே வள்ளுவர் வைத்தியத்தை வகுத்தார். உழைச்செல்வான் என்பது அவனுக்குரிய பெயர். நாமோ அந்த நான்கில் மூன்றை வைத்துக்கொண்டு நான்காவதைக் கண்டிராக்டருக்கு விட்டுவிட்டோம்! நமது அரசினர் ஆஸ்பத்திரிகளில் காவல், துப்புரவு முதலியவற்றிற்குக் கண்டிராக்டு மூலம் ஆள் வைக்கும் வழக்கம் வேரூன்றிவிட்டது. நாள்தோறும் முகம் மாறும் கூலியாளிடம், முகம் பழகினாலன்றி வாய் திறவாத நோயாளி என்ன பேசுவான்?

பாரிஸ் நகரத்து வரலாறு ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. பித்தர்களின் விலங்குகளைத் தறித்தெறிந்த மகான் என்று பினெல் என்னும் வைத்தியர் உலகமெங்கும் போற்றப்படுகிறார். 1876-ஆம் வருஷத்தில் தீட்டப்பெற்ற பிரசித்தமான சித்திரத்திலும் நடுநாயகமாக நிற்பவர் அவரே. அவர் பெருமையை நாம் குறைக்க வரவில்லை. ஆனால் பிஸெத்ர் ஆஸ்பத்திரியில் இரும்புச் சங்கிலிகளை 1797-ஆம் வருஷத்தில் அகற்றியவர் ழான் பாப்டிஸ்ட் பூஸான் என்பவர். அவர் வைத்தியரல்லர், தோல் பதனிடும் தொழிலாளி. கண்டமாலை நோய்க்காக அவ்வாஸ்பத்திரிக்கு வந்து, குணமடைந்து, அங்கேயே ஊழியத்திலமர்ந்து, பித்தர்களின் பகுதிக்குத் தலைவராக உயர்ந்தவர். பினெல் அதற்கு இரண்டு வருஷங்கள் முன்னரே வேறோர் ஆஸ்பத்திரிக்கு மாறிப் போய்விட்டார். நோயாளிகளை அடிக்கக் கூடாதென்று பூஸான் தம் ஆட்களுக்குக் கட்டளையிட்டார். குணமடைந்த நோயாளிகளையே பணிவிடைக்கு வைத்துக்கொண்டார். துன்பமறிந்தவர் துன்புறுத்தமாட்டார் என்பது அவர் கண்ட அனுபவம். அவர் மனைவியும் அவ்வூழியத்தில் சரிபாதி வகித்தார். பினெல் இவர்களைக் கூட இருந்து கவனித்தே பலவற்றையும் கற்றார். அதை அவரே மனமுவந்து எழுதியும் வைத்தார். 1802-ல் பூஸானைத் தம்மிடமே வரவழைத்துக்கொண்டார். வைத்தியர் மறைக்கவில்லை; உலகந்தான் மறந்தது.

நிற்க. சென்னையில் 1794-ல் தோன்றிய பைத்தியக்கார விடுதி, 1871-ல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது; 1922-ல் அரசாங்க மனோவியாதி ஆஸ்பத்திரியாயிற்று; 1978-ல் மனநலக் கழகமாயிற்று. பெயர்கள் நாகரிகமடைந்தன, நல்லதே. சட்டமும் மாறியிருக்கிறது. 1912-ஆம் வருஷத்துப் பைத்தியக்காரர் சட்டம் போய், 1987-ன் சட்டம் வந்து, இப்போது 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் அமலிலிருக்கிறது. எந்த நோயாளியையும் எவ்விதத்திலும் சங்கிலியிடலாகாது என்று 95-ஆம் பிரிவு விதிக்கிறது. உடனடியான அபாயத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோதுதான் கட்டுப்படுத்தலாம், அதுவும் மனோவைத்தியரின் அனுமதியோடு என்று 97-ஆம் பிரிவு கூறுகிறது. நீதிமன்றங்களில் காலங்கழித்த நமக்கு இவ்வாசகங்கள் மிகவும் திருப்தியளிக்கின்றன. ஆயினும் அவ்விதிகளை நள்ளிரவில் வார்டில் காப்பாற்றுவதும் மீறுவதும் யாருடைய கைகள்? சட்டம் மனநல நிபுணர் என்று மனோவைத்தியரையும், பதிவுபெற்ற தாதியரையும், மனோதத்துவ நிபுணரையும், சமூக ஊழியரையும் எண்ணுகிறது. பணிவிடையாளர் அக்கணக்கில் இல்லை.

ஏர்வாடியை இத்தனை சீக்கிரத்தில் மறந்துவிடலாமா? 2001-ஆம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி விடியுமுன், ராமநாதபுரம் ஜில்லாவிலுள்ள அவ்வூரில் ஒரு கீற்றுக் கொட்டகை விடுதி தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் வெந்தனர். மாண்டவர் 28 பேர். தேசம் பதறிற்று, சுப்ரீம் கோர்ட்டு தானே முன்வந்து விசாரித்தது, விடுதிகள் மூடப்பட்டன. அங்கே சங்கிலி வேலை செய்தது பணிவிடையாளரின் ஸ்தானத்தில். ஆள் வைக்கச் செலவாகும்; சங்கிலிக்குச் சம்பளமில்லை.

பணிவிடையாளர் எல்லோரும் உத்தமர்கள் என்று நாம் வாதிக்க வரவில்லை. நோயாளியை அடிப்பதாகவும், உறவினரிடம் காசு பறிப்பதாகவும் புகார்கள் நெடுநாளாக உண்டு; அவற்றில் உண்மையும் உண்டு. குற்றவாளியைத் தண்டிக்கட்டும். ஆனால், பயிற்சியின்றி, போதிய துணையின்றி, பல நோயாளிகளுக்கிடையே ஒருவனை இரவு முழுதும் நிறுத்திவைத்துவிட்டு, காலையில் அவன் பொறுமையிழந்தான் என்று கேட்பது எந்த ஊர் நியாயம்? பணமில்லை என்று சர்க்கார் சொல்லக்கூடும். புதிய கட்டடத் திறப்பு விழாக்களுக்கு அவ்வாறு சொல்லக் கேட்டதில்லை.

ஆதலின் நாம் வற்புறுத்துவது இது. மனோவியாதி ஆஸ்பத்திரிகளில் பணிவிடையாளர் உத்தியோகத்தைக் கண்டிராக்டிலிருந்து மீட்டு ஸ்திரமாக்க வேண்டும். வார்டில் கால் வைக்குமுன் தமிழிலேயே பயிற்சி அளித்து, பரீட்சை வைத்து, சான்று வழங்க வேண்டும். அமெரிக்காவில் கலிபோர்னியா ராஜ்யம் மனோவியாதியஸ்தரைக் கவனிக்கும் டெக்னீஷியன்களுக்கு லைசென்ஸே கொடுத்துவருகிறது; நமக்கு மட்டும் அது கைகூடாதென்பதற்குக் காரணம் காணோம். குணமடைந்து வீடு திரும்பியும் வேலை கிடைக்காமல் தவிப்போருக்கு, மருத்துவர் தகுதியென்று கண்டால், இவ்வூழியத்தில் முதலிடம் தரவேண்டும். சர்வதேச முறைக்கேற்ப மனநல நிபுணர்களின் தொகையைப் பத்து வருஷங்களுக்குள் எட்ட முயல வேண்டுமென்று சட்டம் சர்க்காரைப் பணித்திருக்கிறது. அக்கணக்கைப் போடும்போதே பணிவிடையாளரின் கணக்கையும் சேர்த்துப் போடலாம். சட்டம் அமலுக்கு வந்தது 2018-ஆம் வருஷம் மே மாதம் 29-ந் தேதி. பத்து வருஷக் கெடு 2028 மே மாதத்தோடு தீருகிறது.