துண்டுக்கு அடியில் ஒரு லிங்க்

மணப்பாறை, பொள்ளாச்சி பக்கத்து ஆளுங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். மாட்டுச் சந்தையில் விலை பேசும்போது தரகர் கை மேல ஒரு துண்டைப் போட்டுக்குவார். துண்டுக்கு அடியில விரலைப் பிடிச்சுத்தான் பேரம் நடக்கும். சுத்தி நிக்கிறவனுக்கு எத்தனை ஆயிரம்னு ஒண்ணும் புரியாது. ஆனா ஒரு விஷயம் கவனிங்க. அந்தத் துண்டு மறைக்கிறது விலையை மட்டும்தான். இவர் தரகர், மாடு கை மாறினா இவருக்குக் காசு உண்டுங்கிறது சந்தைக்கு வந்த சின்னப் பையனுக்குக் கூடத் தெரியும்.

இன்டர்நெட்ல நம்ம ஆளுங்க போடுற துண்டு இதுக்கு நேர் தலைகீழ். விலை ஊருக்கே தெரியுது. பேசறவன் தரகன்ங்கிறதுதான் தெரியல. அந்தத் துண்டுக்குப் பேர் ரீடைரக்ட் பக்கம். கொஞ்சம் சூடாத்தான் எழுதப் போறேன், பொறுத்துக்குங்க மக்களே.

முதல்ல, தெரியாதவங்களுக்காக (பி.காம்-ல இதையெல்லாம் நமக்கு யாரும் சொல்லித் தரப் போறதில்ல). ஒரு கடையோட பொருளுக்கு நீங்க லிங்க் கொடுக்கறீங்க. அது வழியாப் போய் யாராவது வாங்கினா கடைக்காரர் உங்களுக்குக் கமிஷன் தருவார். இதுதான் அஃபிலியேட் மார்க்கெட்டிங். அமேசான் 1996-லயே இதை ஆரம்பிச்சாச்சு. இந்தியாவுல அவங்க கடை திறந்தது 2013-ல. லிங்க்கோட வால்ல 'டேக்'னு ஒரு சமாச்சாரம் ஒட்டிக்கிட்டு இருக்கும். யார் அனுப்பின ஆள்னு கடைக்கு அதை வச்சுத்தான் தெரியும்.

அந்த முழ நீள லிங்க்குக்குப் பதிலா, உங்க சொந்தத் தளத்துல 'கோ'ன்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள 'மிக்ஸி'ன்னு ஒரு குட்டி முகவரி. தட்டினா கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள அமேசான்ல நிப்பீங்க. அப்பாச்சி சர்வர்னா செட்டிங்ஸ் ஃபைல்ல ஒரே ஒரு வரி போதும். பிஎச்பி தெரிஞ்சா ரெண்டு வரி. ஒண்ணுமே தெரியலன்னா வெறும் எச்டிஎம்எல் பக்கத்துல மெட்டா ரெஃப்ரெஷ் டேக் போட்டு, நேரத்தை பூஜ்யம் செகண்ட்னு வச்சா முடிஞ்சது. மொத்தமே பத்து நிமிஷ வேலை.

ரீடைரக்ட் பக்கமே பாவம்னு நான் சொல்ல வரல. அது ரொம்ப உபயோகமான சாமான். நீங்க இருபது இடத்துல ஒரே மிக்ஸிக்கு லிங்க் கொடுத்திருக்கீங்க, அந்த மாடல் நின்னு போச்சுன்னு வைங்க. இருபதையும் தேடித் தேடி மாத்தாம, ஒரே இடத்துல மாத்தினா போதும். (இதுக்கு 302 போடணும், 301 போடக்கூடாது. 301-ன்னா 'நிரந்தரமா மாறிடுச்சு'ன்னு அர்த்தம். உலாவி அதை ஞாபகம் வச்சுக்கிட்டு, நீங்க மாத்தின பிறகும் பழைய இடத்துக்கே கூட்டிட்டுப் போகும்.) அடுத்தவன் கொடுக்கற குட்டி லிங்க்கை நம்பறதை விட சொந்தமா வச்சுக்கறது நல்லதும் கூட. கூகுள் கதை தெரியுமில்ல? 2009-ல கூ.ஜிஎல் ஆரம்பிச்சாங்க. 2019-ல புது லிங்க் போடறதை நிறுத்தினாங்க. 2024-ல, அடுத்த வருஷம் பழசும் செத்துடும்னு அறிவிச்சாங்க. 2025 ஆகஸ்ட்ல கெடு நெருங்கினப்போ மனசு மாறி, புழக்கத்துல இருக்கறதை மட்டும் விட்டு வச்சாங்க. கூகுளை நம்பினவனுக்கே இந்தக் கதி.

ஆக, என் சண்டை ரீடைரக்ட் கூட இல்ல. அதை 'க்ளோக்கிங்'ன்னு சொல்லி, மறைக்கறதுக்காகவே போடச் சொல்ற கூட்டத்தோட. எந்த வீடியோவைத் திறந்தாலும் இதே பாட்டுதான். அஃபிலியேட் லிங்க்னு தெரிஞ்சா மக்கள் தட்ட மாட்டாங்க பிரதர், அதனால மறைச்சுடுங்க பிரதர். யோசிச்சுப் பாருங்க. தெரிஞ்சா தட்ட மாட்டான், அதனால தெரியாம பார்த்துக்கோ. இதை ஒரு மளிகைக் கடைக்காரர் தராசைப் பத்திச் சொன்னா நாம என்ன பண்ணுவோம்?

கேட்டா, கமிஷனைத் திருடறாங்க, அதுக்குப் பாதுகாப்புன்னு ஒரு பதில் வரும். க்ளிக்பேங்க் காலத்துல இதுல கொஞ்சம் நியாயம் இருந்துச்சு. லிங்க்ல உங்க பேரை எடுத்துட்டு தன் பேரைப் போட்டு வாங்கிடுவாங்கன்னு பயந்தாங்க. ஆனா அமேசான்ல தன் லிங்க் வழியா தானே வாங்கறதுக்குக் கமிஷனே கிடையாது, அது விதி. அப்புறம் கம்ப்யூட்டர்ல பார்த்தீங்கன்னா, அமேசான் பக்கம் திறந்ததும் மேலே முகவரிப் பட்டையில அந்த டேக் பல்லை இளிச்சுக்கிட்டு நிக்கும். திருடணும்னு உட்கார்ந்திருக்கறவனுக்கு இது பூட்டே இல்ல. உங்களை நம்பி அவசரத்துல தட்டறவனுக்கு மட்டும்தான் இது மறைப்பு.

அடுத்து வரும் பாருங்க பிரம்மாஸ்திரம்: "வாங்கறவனுக்கு ஒரு பைசா கூட நஷ்டம் இல்லையே, விலை ஒண்ணுதானே?"

இதுதான் எனக்கு ஆகவே ஆகாத வாதம். விலை ஒண்ணுதான், சரி. யோசனை ஒண்ணா?

எங்க கிளாஸ் வாட்ஸப் குரூப்ல நடந்ததையே சொல்றேன். ஒருத்தர் (பேரெல்லாம் வேண்டாம்) 'டேலி, எக்செல் படிக்க நம்ம பசங்களுக்கு ஏத்த லேப்டாப்'னு ஒரு லிஸ்ட் போட்டார். எல்லாம் குட்டி குட்டி லிங்க். ரொம்ப அக்கறையா எழுதியிருந்தார், இதை எடுக்காதீங்க, அதை எடுங்கன்னு. ஒரு தோழி வீட்டுல அடம் பிடிச்சு, அப்பா நகைக் கடன்ல வாங்கித் தந்தார், 40 ஆயிரத்துக்கு மேல. லிஸ்ட்டுல முதல்ல இருந்ததுதான். லேப்டாப் மோசம்னு சொல்ல மாட்டேன், சுமார்தான். ஒரு மாசம் கழிச்சு யாரோ அந்த லிங்க்கைப் பிரிச்சுப் பார்த்து, உள்ளே டேக் இருக்குன்னு சொன்னாங்க. அவ கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "கமிஷன் வாங்கட்டும்டா, வேணாங்கல. முன்னாடியே சொல்லியிருந்தா நான் இன்னும் ரெண்டு பேர்கிட்ட விசாரிச்சிருப்பேன்ல?"

அவ்வளவுதான் விஷயம். நஷ்டம் விலையில இல்ல. அந்த 'இன்னும் ரெண்டு பேர்கிட்ட விசாரிக்கற' உரிமையில. நண்பன் சொல்றான்னா ஒரு காதால கேட்போம், விக்கிறவன் சொல்றான்னா இன்னொரு காதால கேட்போம். எந்தக் காதுன்னு முடிவு பண்ற வாய்ப்பையே அந்த பூஜ்யம் செகண்ட் பக்கம் பறிச்சுடுது.

நமக்கு பிசினஸ் லா பேப்பர்ல ஏஜென்சி சாப்டர் ஞாபகம் இருக்கா? 1872 ஒப்பந்தச் சட்டம், பிரிவு 216. முதலாளிக்குத் தெரியாம ஏஜென்ட் தன் சொந்தக் கணக்குல பண்ணினா, அதுல வந்த லாபத்தை முதலாளி கேட்டு வாங்கலாம். சட்டப்படி நீங்க வாசகனோட ஏஜென்ட் இல்லதான், கேஸ் போடச் சொல்லல. ஆனா அவன் உங்களைத் தன் ஆள்னு நினைச்சுத்தான் கேக்கறான். 150 வருஷத்துக்கு முன்னாடியே இது அசிங்கம்னு ஒத்துக்கிட்டாங்க, நமக்கு இன்னும் உறைக்கலையேன்னுதான் வருத்தம்.

கமிஷன் யோசனையை எப்படி வளைக்கும்னும் பாருங்க. வெப் ஹோஸ்டிங் விக்கற கம்பெனிகள் பலது ஒரு ஆளைச் சேர்த்து விட்டா மொத்தமா ஒரு தொகை கொடுக்கும். புத்தகத்துக்கு வர்ற கமிஷன் டீ குடிக்கக் காணாது. 'சிறந்த 10 ஹோஸ்டிங்'னு இணையம் பூரா ஏன் கொட்டிக் கிடக்கு, 'சிறந்த 10 அக்கவுன்டன்சி புத்தகம்' ஏன் அவ்வளவு இல்லன்னு இப்ப புரியுதா?

இன்னொரு ரகசியம். அமேசான்ல உங்க லிங்க்கைத் தட்டின 24 மணி நேரத்துக்குள்ள அவன் எதை வாங்கினாலும் கமிஷன் உங்களுக்கு வரலாம், நீங்க காட்டின பொருளா இருக்கணும்னு கட்டாயம் இல்ல. பேனாவுக்கு லிங்க் கொடுங்க, அவன் வாஷிங் மெஷின் வாங்கட்டும், காசு வரும். டெலிகிராம்ல 'லூட் லூட்'னு ராத்திரி 12 மணிக்குக் கத்தறாங்களே, அங்கே பொருள் தீர்ந்து போயிருந்தாலும் அவங்களுக்குக் கவலை இல்ல. அவங்களுக்கு வேண்டியது உங்க விரல் அதுல படணும், அவ்வளவுதான்.

இந்த வழியிலயே போனா எங்கே போய் முடியும்ங்கறதுக்கு அமெரிக்காவுல ஒரு வழக்கு இருக்கு. ஈபேயோட பெரிய அஃபிலியேட்டுகள் ஷான் ஹோகன், பிரையன் டன்னிங்னு ரெண்டு பேர். தங்களோட பக்கத்தை சும்மா பார்க்க வந்தவனோட உலாவியிலயே, அவனுக்குத் தெரியாம, ஈபே குக்கியைத் திணிச்சாங்க. தட்டக் கூட வேண்டாம். பின்னாடி அவன் எப்பவாவது ஈபேல வாங்கினா இவங்களுக்குக் கமிஷன். 2008-ல ஈபே வழக்கு போட்டது, அப்புறம் குற்ற வழக்காகி 2014-ல ஹோகனுக்கு 5 மாசம், டன்னிங்குக்கு 15 மாசம் ஜெயில். 'கோ' ஃபோல்டர் வச்சவனெல்லாம் ஜெயிலுக்குப் போவான்னு பூச்சாண்டி காட்டல. ஆனா 'அவனுக்குத் தெரியாம இருந்தா நமக்கு நல்லது'ங்கற புத்தி ரெண்டுலயும் ஒண்ணுதான்.

விதியும் மறைக்கறவங்க பக்கம் இல்ல. எந்தத் தளத்துலேருந்து ஆள் வந்தான்னு தங்களுக்கே தெரியாதபடி ரீடைரக்ட் போட்டு மறைக்கக் கூடாது, அமேசானுக்குத்தான் போகுதுன்னு தெரியாதபடி சுருக்கக் கூடாது, கமிஷன் வாங்கறேன்னு தெளிவா எழுதணும்னு அமேசான் ஒப்பந்தத்துலயே இருக்கு. 'ஏத்துக்கறேன்'னு டிக் அடிச்சப்ப யாரு படிச்சோம்? இந்தியாவுல 2022-ல வந்த விளம்பர வழிகாட்டு நெறிகள், 2023 ஜனவரியில வந்த விளக்கம் ரெண்டுமே, பரிந்துரைக்கறவனுக்கும் விக்கறவனுக்கும் இருக்கற தொடர்பை வெளியே சொல்லுன்னுதான் சொல்லுது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல தவறான விளம்பரத்துக்கு அபராதம் 10 லட்சம் வரைக்கும், திரும்பப் பண்ணினா 50 லட்சம் வரைக்கும்.

இதுல உச்சகட்ட காமெடி எது தெரியுமா? இதே ஆளுங்க லிங்க்குக்குள்ள 'ஸ்பான்சர்ட்'னு ஒரு குறிப்பு மறக்காம போடுவாங்க. 2019-ல கூகுள் கொண்டு வந்தது அது. எதுக்கு? காசு வாங்கற லிங்க்னு கூகுள் ரோபோ தெரிஞ்சுக்கணுமாம், இல்லாட்டி தேடல்ல இடம் போயிடும். ரோபோவுக்கு உண்மையைச் சொல்லுவாங்க. மனுஷனுக்கு மட்டும் சொல்ல மாட்டாங்க.

சரி, அப்ப என்னதான் பண்ணச் சொல்றேன்னு கேக்கறீங்களா? ரீடைரக்ட் பக்கம் போடுங்க, தாராளமா. ஆனா அது ஓடக் கூடாது, நிக்கணும். தட்டினா ஒரு சின்னப் பக்கம் திறக்கட்டும். அதுல நாலு வரி: இது அமேசானுக்குப் போகுது, நீ வாங்கினா எனக்குக் கமிஷன் வரும், இந்தப் பொருளை நான் சொந்தமா பயன்படுத்தினேன் அல்லது பயன்படுத்தல, வேற இடத்துலயும் விலை பாரு. கீழே ஒரு பட்டன். மெட்டா ரெஃப்ரெஷ் போடத் தெரிஞ்ச அதே ஆளுக்கு இது இன்னும் சுலபம்.

"க்ளிக் குறையுமே!" குறையும்தான். அப்படிக் குறையறதெல்லாம் விவரம் தெரிஞ்சிருந்தா தட்டியிருக்க மாட்டேன்னு நினைக்கறவனோட க்ளிக். அது உங்களுக்கு எப்போ சொந்தமா இருந்துச்சு, இப்ப குறையறதுக்கு?

கடைசியா, செய்யப் போறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. சில பேர் சோம்பேறித்தனமா, எந்த முகவரியைக் கொடுத்தாலும் அங்கே அனுப்பற மாதிரி பிஎச்பி எழுதி வச்சிருக்காங்க. அதைச் செய்யாதீங்க. உங்க தளத்தோட பேரை முன்னாடி போட்டு, பின்னாடி தன் போலி பேங்க் பக்கத்தை ஒட்டி, எவனாவது உங்க பேர்ல ஊருக்கே மெயில் அனுப்பிடுவான். மிக்ஸி, கால்குலேட்டர்னு நீங்க ஏற்கெனவே எழுதி வச்ச பட்டியல்ல இருக்கற பேருக்கு மட்டும் வழி விடணும், மத்ததெல்லாம் முகப்புப் பக்கத்துக்குத் திரும்பிடணும். அதுக்கு எப்படி எழுதறதுன்னு தனியா ஒரு பதிவு போடறேன், காஸ்ட் அக்கவுன்டிங் இன்டர்னல் முடியட்டும்.