செவ்வாயில் உயிரும் செவ்வாய் தோஷமும்

செவ்வாய்க் கிரகத்தில் உயிர் உண்டா என்று கண்டுபிடிக்க விஞ்ஞானிகள் ஐம்பது வருஷ காலமாகப் பாடுபட்டு வருகின்றார்கள். மனிதன் இன்னும் அங்கு கால் வைக்கவில்லை, யந்திரங்களைத்தான் அனுப்பியிருக்கின்றான். நம் ஜோசியர்களோ, திண்ணையை விட்டு இறங்காமலேயே, அச்செவ்வாய் எந்தப் பெண்ணின் புருஷனைக் கொல்லும் என்பது வரையில் கண்டு சொல்லிவிடுகின்றார்கள்! இவ்விருவரில் யாரை நம்புவது என்று கேட்கின்றோம்.

1976-ம் வருஷத்தில் வைக்கிங் என்னும் இரண்டு யந்திரங்கள் அங்கு இறங்கி, மண்ணை எடுத்துச் சத்து நீரை ஊற்றிப் பார்த்தன. உயிர் இருந்தால் எப்படி வாயு கிளம்புமோ அப்படியே கிளம்பிற்று. நம் புரோகிதர்களாயிருந்தால் அன்றைக்கே ஸ்தல புராணம் எழுதி உண்டியலும் வைத்திருப்பார்கள். ஆனால் மற்றொரு கருவிக்கு அம்மண்ணில் உயிர்ப்பொருளுக்குரிய கரிமச் சேர்க்கைகள் அகப்படாததால், விஞ்ஞானிகளில் பெரும்பாலோர் ருசு போதாது என்றே சொல்லிவிட்டார்கள்.

2021-ல் இறங்கிய பெர்சிவியரன்ஸ் என்னும் யந்திரம், முன்னொரு காலத்தில் ஏரியாயிருந்த ஜெசெரோ என்னும் பள்ளத்தில், 2024-ல் சிறுத்தைத் தோல் போன்ற புள்ளிகளுள்ள ஒரு பாறையைக் கண்டது. பூமியில் இத்தகைய புள்ளிகளை நுண்ணுயிர்கள் உண்டாக்குவதுண்டு. 2025-ல் இதை விவரமாக வெளியிட்டபோதும், உயிரில்லாமலும் இவை உண்டாயிருக்கக்கூடும், இன்னும் சோதிக்க வேண்டும் என்றே சொன்னார்கள். தெரியாததைத் தெரியாதென்று சொல்லுவதுதான் அறிவின் யோக்கியதை.

இனி ஜோசியத்தின் யோக்கியதையைப் பார்ப்போம். ஜாதகத்தில் வீடுகள் 12. அவற்றில் 2, 4, 7, 8, 12 ஆகிய ஐந்தில் எதில் செவ்வாய் இருந்தாலும் தோஷமாம். அப்படியானால் 12 பெண்களுக்கு ஏறக்குறைய 5 பேர் தோஷக்காரிகள்! லக்கினம் போதாதென்று சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ணினால், தப்புகின்ற பெண்கள் சொற்பமே. ஜாதகமே பார்க்காத தேசங்களில் புருஷர்களெல்லாம் செத்தா போய்விட்டார்கள்? இந்தப் பொய்யினால் எத்தனை பெண்கள் கல்யாணமின்றி வாடுகின்றார்கள்! எத்தனை தகப்பன்மார் பரிகாரத்திற்குக் கடன் வாங்குகின்றார்கள்! நம் பணத்தில் போன மங்கள்யான் 2014 முதல் பல வருஷம் அக்கிரகத்தைச் சுற்றிப் படம் பிடித்து அனுப்பிற்று. அச்செய்தியை வெளியிட்ட பத்திரிகைகளே ராசி பலனும் போட்டன. இதைவிட மானக்கேடு வேறென்ன?

நாளை மனிதன் அங்கு சென்று ஒரு சிறு புழுவைக் கண்டுவிட்டால், இது அன்றைக்கே வேதத்தில் இருக்கிறது என்று இக்கூட்டம் கூசாமல் சொல்லும். அன்று நாம் கேட்போம்: அப்புழு பிரம்மாவின் எந்த அங்கத்தில் பிறந்தது? அதற்கு என்ன ஜாதி? செவ்வாயிலேயே குடியிருக்கும் அதற்குத் தோஷம் செய்கிற கிரகம் எது? நம் பூமியா?

வாலிபர்களே! சுயமரியாதைக் கல்யாணம் செல்லுமென்று 1967-ல் சட்டமும் ஆய்விட்டது. இனியும் பெண் பார்க்கப் போகும்போது ஜாதகத்தைக் கேட்பீர்களானால், அந்தத் தோஷம் செவ்வாயில் இல்லை. உங்கள் புத்தியில்தான் இருக்கின்றது.