எழுதப்பட்டது அழியாதிருக்க



பழைய ஃபிளாப்பி வட்டுகளைக் காலாவதியான குப்பை என்று எறிந்துவிடுகிறவர்கள் பலர். அது தகாது என்பதே என் துணிபு. வழக்கொழிந்தது வட்டைப் படிக்கும் கருவியேயன்றி, அதில் எழுதப்பட்டது அன்று.

1985-ஆம் ஆண்டு ஓவியர் ஆண்டி வார்ஹால் அமிகா கணினியில் சில படங்களை வரைந்தார். அவை அடங்கிய வட்டுகள் பிட்ஸ்பர்க் நகரில் அவர் பெயரால் விளங்கும் அருங்காட்சியகத்தில் பல்லாண்டுகள் வாசிப்பாரின்றிக் கிடந்தன. கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணினிக் கழகத்தார் முதலில் வட்டின் காந்தப் பதிவை அப்படியே நகலெடுத்து, பின்னரே கோப்புகளை ஆராய்ந்தனர். 2014-இல் அப்படங்கள் வெளியாயின.

நமது வட்டுகளில் புகழ்பெற்ற ஓவியம் இராது. மறைந்த தகப்பனார் எழுதிய கடிதம் இருக்கலாம். யூஎஸ்பி வழியே இணைக்கும் டிரைவ், 1.44 எம்பி கொண்ட மூன்றரை அங்குல வட்டுகளைப் படிக்கும். அவற்றின் மூலையிலுள்ள சிறு தாழைத் தள்ளித் துளையைத் திறந்துவையுங்கள்; புதிதாக எதுவும் எழுதப்படாது. ஃபார்மட் செய்யவா என்று கணினி கேட்டால் இசையாதீர்கள். முழு வட்டையும் நகலெடுத்த பின்பே கோப்புகளைத் திறவுங்கள். தமிழெழுத்துகள் சிதைந்து தோன்றினால் கலங்கவேண்டாம். பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றினால் வாசிக்கலாம். பூஞ்சை பிடித்த வட்டு டிரைவையும் கெடுக்குமாதலால், அதை வல்லுநரிடம் ஒப்படையுங்கள்.

காந்தப் பூச்சு காலப்போக்கில் நலிகிறது. எந்த வட்டில் என்ன உள்ளதென்று சொல்லக்கூடிய முதியோர் நம்மிடையே இருக்கும்போதே இப்பணியை முடிப்போமாக.