சுங்கை பூலோவில் எஞ்சிய சுவர்கள்

2010ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கோலாலம்பூர் புடு சிறையின் நெடுஞ்சுவரில் ஒரு பகுதி இரவோடு இரவாக இடித்துத் தள்ளப்பட்டது. சாலையை அகலப்படுத்த வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். அச்சுவர் வெறும் செங்கல் அடுக்கன்று. 1980களில் சிறைக்குள் இருந்தவர்களே அதன்மீது இயற்கைக் காட்சிகளை வரைந்திருந்தனர். அடைபட்ட மனிதனின் உள்ளம் தூரிகை வழியே வெளியேறிய சான்று அது. இன்று அந்நிலத்தில் வணிக வளாகம் நிற்கிறது. பொருள் வாங்க வருவோர்க்கு அவ்வோவியம் இருந்த இடமும் தெரியாது.

அடுத்த பலி சுங்கை பூலோவா?

1930இல் 562 ஏக்கர் பள்ளத்தாக்கில் எழுந்த தொழுநோயாளர் குடியிருப்பு அது. சிறு சிறு வீடுகள், பள்ளி, மன்றம், வழிபாட்டு இடங்கள், சிறைக்கூடம் எனத் தனியூராகவே அமைந்தது. ஒரு காலத்தில் ஈராயிரத்திற்கும் மேற்பட்டோர் அங்கு வாழ்ந்தனர். தமிழரும் அவர்களுள் இருந்தனர். பிறந்த குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்த கொடுமையும் அங்கேதான் நிகழ்ந்தது. தொழுநோய்க் கிருமி சல்போன் மருந்தை எதிர்த்து நிற்க வல்லது என்பதை 1964இல் உலகுக்கு மெய்ப்பித்த ஆய்வும் அங்குள்ள நோயாளரைக் கொண்டே நடந்தது. இத்துணை பெருமையும் துயரமும் ஒருங்கே உறையும் மண்ணில், 2007இல் கிழக்குப் பகுதி வீடுகள் பல்கலைக்கழகக் கட்டடங்களுக்காகத் தகர்க்கப்பட்டன. 2019இல் யுனெஸ்கோவின் உலக மரபிடத் தற்காலிகப் பட்டியலில் இடம் கிடைத்தது. பட்டியல் மழைக்குக் குடை பிடிக்குமா? ஆளற்ற வீட்டை அழிக்க இந்நாட்டு மழையும் கரையானுமே போதும்.

எனவே, பாழ்பட்டுக் கிடக்கும் வீடுகளுள் சிலவற்றையேனும் செப்பனிட்டுக் கலைவழி நலமளிக்கும் நடுவமாக்குதல் வேண்டும். இவ்வாறு கூறின் இருவகை எதிர்ப்பு எழும். 'நோய் கிடந்த இடம், யார் வருவார்?' என்பர் ஒரு சாரார். தொழுநோய் மருந்தால் குணமாகும் என்பதைப் பள்ளிப் பிள்ளையும் அறியும் காலத்தில், பெற்றோரும் ஆசிரியரும் அறியாதிருப்பது நாணத்தக்கது. மற்றொரு சாரார், 'காப்பிக் கடையும் தங்கும் விடுதியும் ஆக்கினால் வருவாய் வருமே' என்பர். இவர்களே மிகவும் அஞ்சத்தக்கவர். சுவரை இடிப்பவனாவது தன் செயலை மறைப்பதில்லை. துன்பத்தின் மேல் வண்ணம் பூசி விற்பவனோ மரபைக் காத்ததாகவும் பெருமை பேசுவான்.

கலையால் நலம் பெறுதல் புதுக்கற்பனையன்று. காசநோய் மருத்துவமனையில் கிடந்த ஓவியர் ஏட்ரியன் ஹில் தம் பட்டறிவிலிருந்தே 1942இல் அதற்குப் பெயரிட்டார். ஆஸ்திரியாவில், வியன்னாவை அடுத்த குகிங் மனநல மருத்துவமனையை எண்ணிப் பார்க்கலாம். நாஜி ஆட்சியில் நோயாளர் கொல்லப்பட்ட வளாகம் அது. அங்கேயே மருத்துவர் லியோ நவ்ரதில் 1981இல் ஒரு கட்டடத்தைக் கலைவழி உளமருத்துவத்திற்கென ஒதுக்கினார். அவருக்குப் பின் வந்தவர் 1986இல் அதனைக் 'கலைஞர் இல்லம்' என மாற்றினார். அங்கே வாழ்ந்த அகஸ்ட் வல்லா தம் அறையின் சுவரையும் உட்கூரையையும் ஓவியத்தால் நிரப்பினார். குருதி படிந்த இடம் என்று இடித்திருந்தால் அந்த அறை ஏது?

ஆனால் தூரிகையும் களிமண்ணும் வாங்கி வைத்தவுடன் நடுவம் ஆகிவிடாது. தொழுநோயால் உணர்விழந்த விரல், சுடும் பாத்திரத்தை அறியாது. கூர்க்கருவி கிழித்தாலும் அறியாது. அத்தகைய கையோடு பழகத் தெரிந்த பயிற்சியாளர் வேண்டும். மனஞ்சோர்ந்த மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியரும், அங்கே மதிப்பெண் இடுவதற்கில்லை என்பதை முன்னரே உணர்தல் வேண்டும். பரிசு கொடுக்கும் வழக்கத்தை வாயிலிலேயே விட்டுச் செல்வது நலம்.

எல்லாவற்றிற்கும் முன்னே செய்ய வேண்டியது ஒன்றுண்டு. அக்குடியிருப்பில் முதியோர் சிலர் இன்றும் வாழ்கின்றனர். சமூகம் ஒதுக்கிய காலத்தில் அம்மண்ணிலேயே செடி வளர்த்து விற்றுப் பிழைத்த தலைமுறை அது. எந்த வீட்டைத் திறப்பது, எதைத் தொடாது விடுவது என்று அவர்களிடம் கேட்டல் வேண்டும். ஒருமுறை அவர்களைக் கேளாமலே அங்கே அடைத்தார்கள். இப்போது நலத்தின் பெயரால் அவர்களைக் கேளாமலே வெளியேற்றினால், அந்நடுவத்தின் கதவைத் திறக்காமலிருப்பதே மேல்.