குடவோலைப் பெருமையும் வீட்டு வரிப் பாக்கியும்

நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் பேசிய அன்பர் ஒருவர், "ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தேர்தல் நடத்தியவன் தமிழன்!" என்று முழங்கினார். அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன். பக்கத்தில் இருந்த நண்பர், "சார், உங்க ஊரைத்தானே சொல்றார்?" என்றபோது பெருமையாகத்தான் இருந்தது. ஆம், என் ஊர் உத்திரமேரூர். மும்பைக்கு வந்து முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. அன்றிரவு மின்ரயிலில் வீடு திரும்பும்போது ஒரு கேள்வி மனத்தைக் குடைந்தது: அந்தக் குடவோலையில் என் பெயரை எழுத விடுவார்களா?

ஊரைப் பார்க்காதவர்களுக்காகச் சில வார்த்தைகள். காஞ்சிபுரத்துக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கிறது உத்திரமேரூர். இன்று அது ஒரு பேரூராட்சி. கடைத்தெருவைத் தாண்டினால் நெல் வயல். அந்த நெல்லுக்கு ஆதாரம் ஏரி. மழைக்காலத்தில் செய்யாற்றில் வரும் நீரைக் கால்வாய் வழியே திருப்பி ஏரியில் தேக்கி, பிறகு மதகு வழியே வயலுக்கு விடுவார்கள். கல்வெட்டுகள் 'வைரமேக தடாகம்' என்று குறிக்கும் அந்த ஏரி பல்லவர் காலத்தது. ஏரி இல்லையென்றால் ஊரும் இல்லை, கல்வெட்டும் இல்லை.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், ஊர்ச் சபையார் தங்கள் விதிகளை வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டி வைத்தனர். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். அப்படித் தேர்ந்தவர்களைக் கொண்டு ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என அமைத்தார்கள். ஏரியைக் கவனிக்க மட்டும் 6 பேர். பதவிக்காலம் 360 நாள்.

இது எல்லோருக்கும் வாக்குரிமை தந்த ஜனநாயகம் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். நிலம் உடைய, வேதம் கற்ற ஆண்களின் சபை அது. பெண்களுக்கு இடமில்லை. வயலில் இறங்கி உழுத கூலியாளுக்கும் இடமில்லை. மேடையில் இதை நாம் வசதியாக விட்டுவிடுகிறோம்.

என்னைக் கவர்வது குடத்தைவிட, குடத்தில் யார் பெயரை இடக்கூடாது என்று வகுத்த விதிகள்தான். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் கூடாது. அவன் உறவினர் பெயரும் கூடாது. வரி செலுத்தும் நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். இவற்றில் எனக்குத் தேறுவது வயது ஒன்றுதான்! ஊரில் வீடு பூட்டிக் கிடக்கிறது. போன முறை போனபோது பேரூராட்சி அலுவலகத்தில் விசாரித்தேன். ஆறு ஆண்டு வீட்டு வரி பாக்கி. தெருவிளக்கு எரியவில்லை என்று புகார் சொல்லத்தான் போயிருந்தேன். பாக்கியைக் கட்டிவிட்டு, புகாரைச் சொல்லக் கூச்சப்பட்டுத் திரும்பி வந்தேன்.

அதைவிடப் பெரிய தவறும் ஒன்று உண்டு. ஊருக்குச் சற்று வெளியே மனை மலிவாகக் கிடைக்கிறது என்று ஒரு தரகர் சொன்னதை நம்பி முன்பணம் கொடுத்தேன். பழைய விவசாயி ஒருவர் என்னை அழைத்துப் போய்க் காட்டினார். "தம்பி, இது ஏரிக்கு வர்ற கால்வாய். தண்ணி வந்தா உன் வீட்டுக்குள்ளதான் வரும்" என்றார். முன்பணம் போயிற்று, அறிவு வந்தது. மும்பையிலும் பெங்களூரிலும் தில்லியிலும் சம்பாதித்த பணத்தை நம்மில் எத்தனை பேர் இப்படி வரத்துக்கால்வாயில் கொண்டுபோய்க் கொட்டுகிறோம்!

இன்று ஏரிக்கும் ஊர் மன்றத்துக்கும் உறவு அறுந்துவிட்டது. தமிழ்நாட்டில் 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் தரும் ஏரிகள் அரசின் நீர்வளத் துறையிடம் இருக்கின்றன. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடம். பேரூராட்சிக்குக் குடிநீர், விளக்கு, குப்பை, சாலைதான். ஏரியில் தண்ணீர் நின்றால்தான் கிணற்றில் ஊறும் என்று தெரிந்த ஊர்க்காரனுக்கு ஏரியைப் பற்றித் தீர்மானிக்கும் இடம் இல்லை. ஏரி வாரியத்தை மறுபடி ஊர் மன்றத்தில் உட்கார வைக்க வேண்டும் என்பது என் கருத்து. இம்முறை உழுபவரும் பெண்களும் அதில் இருக்க வேண்டும்.

ஆனால் மன்றமே இல்லாத காலமும் இருந்ததே! தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடையில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர்களே நிர்வாகம் செய்தார்கள். கல்வெட்டைக் காட்டி நாம் மார்தட்டிய அதே ஆண்டுகளில், கல்வெட்டு உள்ள ஊரிலேயே ஒரு வார்டு உறுப்பினர் கிடையாது. நாம் வாழும் மும்பை மட்டும் என்னவாம்? மாநகராட்சி மன்றத்தின் காலம் 2022 மார்ச்சில் முடிந்து, 2026 ஜனவரியில்தான் தேர்தல் வந்தது. அன்று நம் அன்பர்களில் எத்தனை பேர் வாக்குச்சாவடிக்குப் போனோம் என்பதை அவரவர் மனச்சாட்சிக்கே விடுகிறேன்.

ஊரில் நமக்கு வாக்கு இல்லை. அது நியாயம்தான், அங்கே குடியிருப்பவர்கள்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனாலும் நமக்குச் சில கடமைகள் உண்டு. பூட்டிய வீட்டுக்கும் ஆண்டுதோறும் வரி கட்டுவோம். மனை வாங்குமுன், தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று ஊர்ப் பெரியவரிடம் கேட்போம். கோடை விடுமுறைக்குக் கிராமத்துக்குப் போகிறவர்கள், மே 1 அன்று கூடும் கிராம சபையில் பிள்ளைகளோடு ஓர் ஓரமாக உட்கார்ந்து, வரவு செலவு வாசிக்கப்படுவதைக் கேட்போம்.

அடுத்த பொங்கலுக்கும் யாராவது குடவோலையைப் பற்றிப் பேசுவார்கள். நானும் கைதட்டுவேன். அதற்கு முன்பாகவே அவ்வாண்டின் வீட்டு வரி ரசீது என் கையில் இருக்கும்.