கிழவனுங்க வியாதின்னு யார் சொன்னது?

இந்தத் தடவை கீரையும் இல்லை, மாடும் இல்லை. எனக்கு வந்த நோயைப் பத்தி எழுதுறேன். சில பேருக்குச் சங்கடமா இருக்கும். பரவாயில்லை, படிங்க.

எனக்கு 48 வயசுல புரோஸ்டேட் புற்றுநோய்னு கண்டுபிடிச்சாங்க. இப்ப 54. ஆபரேஷன் ஆச்சு, ஆறு மாசத்துக்கு ஒருதடவை ரத்தம் குடுத்துட்டு வர்றேன், மாதவரத்துல மிச்சமிருக்கிற என் துண்டு நிலத்துல கீரை போட்டுக்கிட்டு இருக்கேன். எழுத உட்கார்ந்ததுக்குக் காரணம் கோபம்தான். இந்த ஆறு வருஷமா மூணே மூணு பேச்சைத்தான் மாத்தி மாத்திக் கேக்குறேன். "இந்த வயசுலயா?" "கீரையும் கூழும் சாப்பிடுற உங்களுக்கா?" "வெளியே சொல்லாதீங்க." இந்த மூணும் ஆளைக் கொல்ற பேச்சு.

முதல்ல, புரோஸ்டேட்னா என்னன்னே நம்ம ஆம்பளைங்க பாதிப் பேருக்குத் தெரியாது. மூத்திரப்பைக்குக் கீழே, பெரிய நெல்லிக்காய் அளவுல ஆம்பளைக்கு மட்டும் இருக்கிற சுரப்பி. மூத்திரக் குழாய் அதுக்கு நடுவுலதான் போகுது. வயசானா அது வீங்கும், அது சாதாரண வீக்கம். அதே இடத்துல புற்றுநோயும் வரும். ஆரம்பத்துல பெரும்பாலும் வலியும் இருக்காது, அறிகுறியும் இருக்காது.

முதல் பேச்சுக்கு வர்றேன். இது பெரும்பாலும் 60 தாண்டினவங்களுக்கு வர்றதுதான், இல்லேன்னு சொல்லல. 50-க்குக் கீழே அபூர்வம். ஆனா அபூர்வம்னா வரவே வராதுன்னு அர்த்தமா?

கிறிஸ் ஹோய்னு ஸ்காட்லாந்துக்காரர், சைக்கிள் பந்தய வீரர். ஒலிம்பிக்ல ஆறு தங்கம் வாங்கினவர். 2023-ல தோள்பட்டை வலின்னு போனார். உடற்பயிற்சியில பிடிச்சுக்கிச்சுன்னு நினைச்சார். ஸ்கேன் எடுத்தா கட்டி. புரோஸ்டேட்ல ஆரம்பிச்சு எலும்பு வரைக்கும் பரவியிருந்தது. அப்ப அவர் வயசு 47. குணப்படுத்த முடியாத நிலைன்னு 2024 அக்டோபர்ல வெளியே சொன்னார். அவர் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் இதே நோய் இருந்தது.

பென் ஸ்டில்லர்னு அமெரிக்க சினிமா நடிகர். 2014-ல 48 வயசுல இதே நோய். அவருக்குத் தெரிஞ்சு குடும்பத்துல யாருக்கும் இல்லை, உடம்புல ஒரு தொந்தரவும் இல்லை. அவர் டாக்டர் 46 வயசுலயே பி.எஸ்.ஏ.ன்னு ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்து வச்சிருந்தார். அந்த எண் மெதுவா ஏறினதைப் பார்த்து மேல பரிசோதனை பண்ணி, ஆபரேஷன் முடிஞ்சுது.

ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு. குடும்பத்துல நோய் இருந்தவருக்கு எலும்புக்குப் போன பிறகு தெரியுது. குடும்பத்துல இல்லாதவருக்கு முன்னாடியே தெரியுது. ஒருத்தருக்கு ஒரு டாக்டர் முன்கூட்டியே யோசிச்சுப் பார்த்தார், அவ்வளவுதான். இவங்கல்லாம் பணக்காரங்க, வெளிநாட்டுக்காரங்க. அவங்களுக்கே இந்தக் கதின்னா, கீரைக்கட்டு விக்கிறவனை யார் கேக்கப் போறாங்க?

என் கதை சின்னது. ராத்திரி நாலு தடவை எழுந்து போக வேண்டியிருந்தது. ஒரு டாக்டர்கிட்ட போனேன். "48 வயசுதானே, பெரிசா ஒண்ணும் இருக்காது, தண்ணி நிறைய குடிங்க"ன்னு மாத்திரை குடுத்தார். அஞ்சு மாசம் அதே மாத்திரை. வேற ஒரு டாக்டர்தான், "உங்க அப்பா எதுல இறந்தார்?"னு கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு எந்த மிஷினும் வேண்டாம், காசும் வேண்டாம். முதல் டாக்டர் என் வயசைப் பார்த்தாரே தவிர என்னைப் பார்க்கல. ராத்திரி எழுந்து போறது பெரும்பாலும் சாதாரண வீக்கமாத்தான் இருக்கும், அது எனக்கும் தெரியும். ஆனா கேட்டுட்டு அப்படிச் சொல்லணும். கேக்காமலே சொல்லக்கூடாது.

ரெண்டாவது பேச்சு நகரத்துல இருக்கிற உங்களோடது. கோவிச்சுக்காதீங்க. "கிராமத்துச் சாப்பாடு, நல்ல காத்து, உழைப்பு, உங்களுக்கு எப்படி சார் வந்தது?" மாதவரத்துல நல்ல காத்தா? பக்கத்துலயே மணலி சுத்திகரிப்பு ஆலை, இந்தப் பக்கம் கொடுங்கையூர் குப்பைமேடு. ஒரு தடவை வந்து மூச்சு இழுத்துப் பாருங்க. அதுக்காக, எனக்கு வந்ததுக்கு மணலிப் புகைதான் காரணம்னும் சொல்ல மாட்டேன். அதுக்கு என்கிட்ட ஆதாரம் இல்லை. அந்தப் புகைக்கு வேற சண்டை இருக்கு, அதைத் தனியா போடுவோம்.

இந்த நோய்க்கு டாக்டருங்க உறுதியாச் சொல்றது வயசு, குடும்பம், பரம்பரையா வர்ற சில மரபணு. அப்பாவுக்கோ கூடப் பிறந்தவனுக்கோ இருந்தா நமக்கு வர்ற வாய்ப்பு சுமார் ரெண்டு மடங்கு. பொம்பளைங்களுக்கு மார்பகப் புற்றுநோயும் சினைப்பைப் புற்றுநோயும் கொண்டுவர்ற பி.ஆர்.சி.ஏ. 2 மரபணுக் கோளாறு ஆம்பளைக்கு இதையும் கொண்டுவரும். அதனால அம்மா வீட்டுப் பக்கமும் கேக்கணும். முருங்கைக்கீரை சாப்பிட்டா மரபணு மாறாது. நான் கீரை விக்கிறவன், நானே சொல்றேன். முள்சீத்தா இலைக் கஷாயம், கோமியம்னு எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்புறவங்க தயவுசெஞ்சு நிறுத்திக்குங்க. அதை நம்பி ஒருத்தன் ஆறு மாசம் தள்ளிப்போட்டா, அந்த ஆறு மாசத்துக்கு யார் பொறுப்பு?

மூணாவது பேச்சு என் சொந்தக்காரங்களோடது. "வெளியே சொல்லாத, பசங்களுக்கு யாரும் பொண்ணு தர மாட்டாங்க." அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வந்தது 1954-ல. 70 வருஷம் தாண்டியும் வியாதி பேரை நம்ம ஊர்ல குசுகுசுன்னுதான் சொல்றோம். நாம மட்டும் இல்லை. பிரான்ஸ் ஜனாதிபதி மித்தராண்டுக்கு 1981-ல, பதவிக்கு வந்த அதே வருஷம் இந்த நோய் தெரிஞ்சுது. 1992-ல ஆபரேஷன் ஆகிற வரைக்கும் ஊருக்குச் சொல்லல. நடுவுல உடம்பு நல்லாயிருக்குன்னே அறிக்கை விட்டாங்க. அவருக்கு ரகசியமா வைத்தியம் பார்க்க ஆள் இருந்தது. நமக்கு யார் இருக்கா?

என் அப்பா இறந்தப்போ "நீர் அடைப்பு"ன்னு சொன்னாங்க. கடைசியில இடுப்பு எலும்பு வலின்னு அவர் கத்தினது எனக்கு ஞாபகம் இருக்கு. என்ன நோய்னு யாரும் சொல்லல. அந்த நாலெழுத்து மறைப்புதான் எனக்கு வந்து சேர்ந்த சொத்து. மறைக்கிறது நோயாளியோட மானத்தைக் காப்பாத்தல, அவன் பிள்ளைக்குத் தெரிய வேண்டிய சேதியைத்தான் புதைக்குது. நான் என் ரெண்டு பசங்களையும் உட்கார வச்சு எல்லாத்தையும் சொன்னேன். ஆபரேஷனுக்கு அப்புறம் மூணு மாசம் மூத்திரம் நிக்காம பேட் வச்சுக்கிட்டுத்தான் பாத்திக்குத் தண்ணி பாய்ச்சினேன். தாம்பத்யமும் முன்ன மாதிரி இல்லை. இதைச் சொல்லலேன்னா அடுத்தவன் பயந்துக்கிட்டு ஆபரேஷனுக்கே போகமாட்டான். இல்லேன்னா, தனக்கு மட்டும்தான் இப்படின்னு ஒடுங்கிப் போவான்.

சரி, அரசாங்கம். என் மாட்டுக்குக் கோமாரி ஊசி ஆறு மாசத்துக்கு ஒருதடவை வீடு தேடி வந்து போடுறாங்க, நல்ல விஷயம். 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கு வந்து சுகர், பிரஷர் பாக்குறாங்க, அதுவும் நல்ல விஷயம். புற்றுநோய்ல வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் மூணையும் பரிசோதிக்கச் சொல்லி மத்திய அரசு வழிமுறையே இருக்கு. அந்தப் பட்டியல்ல புரோஸ்டேட் இல்லை.

"எல்லாருக்கும் பி.எஸ்.ஏ. எடுத்தா கெடுதல்னு டாக்டருங்களே சொல்றாங்களே"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. அந்த எண் வீக்கத்துக்கும் ஏறும், நீர்த்தொற்றுக்கும் ஏறும். ஆபத்தே இல்லாத கட்டியைத் தேடிப்பிடிச்சு வெட்டி, ஆளை என்னை மாதிரி பேட் வைக்க விடுறதும் நடக்குது. இங்கிலாந்துல 1,643 பேரை 15 வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2023-ல வந்தது. பரவாத கட்டி இருந்தவங்கள்ல, ஆபரேஷன் ஆனவங்க, கதிர்வீச்சு வாங்கினவங்க, சும்மா கண்காணிச்சவங்க மூணு தரப்புலயும் இந்த நோயால செத்தவங்க சுமார் 3 சதவீதம்தான். அமெரிக்காவுல 2012-ல இந்தப் பரிசோதனையே வேண்டாம்னு சொன்ன குழு, 2018-ல 55 முதல் 69 வயசுக்காரங்க டாக்டரோட பேசி முடிவெடுக்கலாம்னு மாத்திக்கிச்சு.

அதனால எல்லாருக்கும் ஊசி குத்துங்கன்னு நான் கேக்கல. கேள்வி கேளுங்கன்னுதான் கேக்குறேன். சுகர் பார்க்க வர்ற அம்மா 45 தாண்டின ஆம்பளைகிட்ட ரெண்டு கேள்வி கேக்கட்டும். மூத்திரம் போறதுல தொந்தரவு உண்டா? குடும்பத்துல யாருக்காவது புரோஸ்டேட், மார்பகம், சினைப்பைப் புற்றுநோய் இருந்ததா? ஆமான்னா அரசு ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் குடுக்கட்டும். முதலமைச்சர் காப்பீட்டுல வருஷத்துக்கு அஞ்சு லட்சம் வரைக்கும் செலவு பண்ணத் தயாரா இருக்கிற அரசாங்கம், ரெண்டு கேள்வியைப் படிவத்துல சேர்க்கக் கூடாதா? அந்தப் பக்கம் தனியார்ல, பேக்கேஜ்ல பி.எஸ்.ஏ.வைச் சேர்த்து எடுத்துட்டு, எண் ஏறினா என்ன அர்த்தம்னே சொல்லாம பேப்பரைக் கையில குடுத்து அனுப்புறாங்க. ஒரு பக்கம் கேள்வியே இல்லை, இன்னொரு பக்கம் விளக்கமே இல்லை.

படிக்கிற உங்களுக்கு ஒரு வேலை. ஊர்ல இருக்கிற அப்பாவுக்குப் போன் போட்டா மழை வந்துச்சா, மாடு கன்னு போட்டுச்சான்னுதானே கேக்குறீங்க. இன்னைக்கு ராத்திரி இதையும் கேளுங்க. தாத்தா எதுல செத்தார், பெரியப்பாவுக்கு என்ன ஆச்சு, அத்தைக்கு மார்புல கட்டின்னு சொன்னாங்களே, அது என்ன? முதல் தடவை மழுப்புவாங்க. விடாதீங்க. தெரிஞ்சதை ஒரு தாளில எழுதி வச்சுக்கிட்டு, 45 ஆனதும் அதோட ஒரு டாக்டரைப் பாருங்க. "இந்த வயசுலயா"ன்னு அவர் சிரிச்சா, வேற டாக்டரைப் பாருங்க.